பாலாடையை ஊற்றாதீர்கள், காட்டுங்கள்

என் மகள் கர்ப்பத்தின் 30 வாரத்திலேயே பிறந்தாள். எடை 1,250 கிராம். இன்குபேட்டருக்குள் கிடந்தவளுக்கு மூக்கு வழியாக ஒரு குழாய். நான் பீய்ச்சிக் கொடுத்த பால் அதில் மெதுவாக இறங்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இன்னுமா வாயால குடிக்கல?" என்றுதான் கேட்டார்கள். தயவுசெய்து எந்தத் தாயிடமும் இதைக் கேட்காதீர்கள்.

உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவதே பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 32, 34 வாரவாக்கில்தான். அதற்கு முன்பே குழந்தை விரல் சப்பும். அதைப் பார்த்து அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

அதே கணக்கில் 33-ஆவது வாரம் பாலாடையில், அதாவது சங்கு போல நுனி நீண்ட சின்னக் கிண்ணத்தில், கொடுத்துப் பார்த்தார்கள். அன்று பணியில் இருந்த நர்ஸ் சட்டென்று சாய்த்து ஊற்றிவிட்டார். மகளின் ஐந்து விரல்களும் விரிந்து விறைத்தன. நெற்றி சுருங்கியது, கடைவாயில் பால் வழிந்தது. அப்புறம்தான் மானிட்டர் கத்தியது. உதட்டைச் சுற்றி நீலம் பாரித்த அந்தச் சில விநாடிகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. போதும் என்று அவள் கையாலேயே சொல்லியிருந்தாள். யாரும் கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் மூத்த சிஸ்டர் ஒருவர் பாலாடையை என்னிடமே கொடுத்தார். "ஊத்தாதம்மா, காட்டு." குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பூனைக்குட்டி போல நாக்கு வெளியே வந்தது. விழுங்கினாள், மூச்சு விட்டாள். அடுத்து நாக்கு வரும்வரை காத்திருந்தேன். 4 மில்லி குடித்தாள், மீதி குழாயில் போனது. சிஸ்டர் அதை நல்ல நாள் என்றார்.

குழாயில் பால் போகும்போதே, பீய்ச்சி முடித்த மார்பில் அவளைச் சப்ப விடவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். வாய்க்குப் பழக்கம், புரையேறும் பயம் குறைவு. தோலோடு தோலாக அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையும் அப்படித்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது அது.

எத்தனை மில்லி என்று எழுத எல்லா வார்டிலும் ஒரு தாள் இருக்கிறது. குழந்தை எப்படிக் குடித்தது, எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எழுதவும் அதில் ஒரு கட்டம் வேண்டும். தாயை வெளியே உட்கார வைக்காமல் உள்ளே விடவும் வேண்டும். அந்த விரல்களை நாளெல்லாம் பார்க்கப்போகிறவள் அவள்தானே. வீட்டுப் பெரியவர்களே, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் வழக்கத்தை இந்தப் பிள்ளைகளிடம் காட்டவே காட்டாதீர்கள்.

36-ஆவது வாரம் குழாயை எடுத்தார்கள். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த தடம் மறைய மேலும் நான்கு நாள் ஆனது.