நாய்க்கு விமானம் தெரியாது, பைதான் தெரியும்

சின்ன நாயை விமானத்தில் கூடவே கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் கேட்பது கட்டணம், அடுத்தது எடை வரம்பு. இரண்டும் ஒரு போனில் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் நாய் ஆறு மணி நேரம் ஒரு துணிப்பைக்குள் நிம்மதியாகப் படுத்திருக்குமா?

சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் நேரம் மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்னால் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம், இறங்கி வெளியே வர முக்கால் மணி நேரம். பாதுகாப்புச் சோதனையில் ஒரு சில நிமிடங்கள் தவிர இவ்வளவு நேரமும் ஜிப் மூடியேதான் இருக்கும். நாய்க்கு அந்தப் பயணம் என்பது ஒரு பை, விடாத இரைச்சல், பக்கத்தில் உங்கள் கால் வாசனை, அவ்வளவுதான். பை பழகாத நாயைக் கேபினில், அதாவது பயணிகள் உட்காரும் பகுதியில், ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எடை 3 கிலோவாக இருந்தாலும் சரி.

முதலில் நம் ஊர் நிலவரம். உள்நாட்டு விமானங்களில் ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும் கேபினில் நாயை அனுமதிக்கின்றன. ஆகாசா 2022 நவம்பரில் தொடங்கியபோது வரம்பு 7 கிலோ. ஏர் இந்தியாவில் நீண்ட காலம் 5 கிலோதான். இப்போது இரண்டிலும் பையோடு சேர்த்து 10 கிலோ. இண்டிகோவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய் தவிர வேறெதற்கும் இடமில்லை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே பயணத்துக்கு முன் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விமானத்தில் ஒன்று அல்லது இரண்டு நாய்களைத்தான் கேபினில் விடுவார்கள். அதனால் உங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே, அந்தத் தேதியில் அந்த விமானத்தில் நாய்க்கான இடம் காலியா என்று விசாரியுங்கள். டிக்கெட் எடுத்த கையோடு நாயையும் பதிவு செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "போனில் சரி என்றார்களே" என்பது கவுண்டரில் எடுபடாது.

10 கிலோ என்றதும் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அந்த 10 கிலோவில் பை, உள்ளே விரித்த மெத்தை, ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பட்டை) எல்லாம் அடக்கம். பையே 1 முதல் 1.5 கிலோ வரும். நாய் 8.9 கிலோ, பை 1.4 கிலோ என்றால் 10.3. கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டி தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசில் நாயோடு பையை மாட்டி வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். 9.5க்கு மேல் காட்டினால் இலகுவான பை வாங்க வேண்டும் அல்லது இந்த யோசனையையே விட வேண்டும். ஒரு மாதத்தில் பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எடையைவிட உயரம்தான் பல நேரம் காலை வாரும். பையை முன் இருக்கைக்கு அடியில்தான் வைக்க வேண்டும், அங்கே கிடைக்கும் உயரம் சுமார் 25 செ.மீ. நாயை நிற்க வைத்துத் தரையிலிருந்து தோள்பட்டை மேட்டு வரை அளவெடுங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம் பாருங்கள். உள்ளே ஒரு வட்டம் திரும்பிச் சுருண்டு படுக்க முடியவேண்டும். நம் வீடுகளில் 'பொமரேனியன்' என்று வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். எடை 6 கிலோவுக்குள் நின்றாலும் கால் நீளம், அதனால் பைக்குள் தலை குனிந்தே நிற்கும். டேஷ்ஹண்ட் குட்டை, ஆனால் முதுகு நீளம். நெருக்கமான பையில் வளைந்தே கிடந்தால் அதன் முதுகெலும்புக்கு ஆகாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி போன்ற பெரிய நாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்குக் கேபின் கதவு திறக்காது.

பை துணிப்பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூண்டு அரை அங்குலம் கூட வளைந்து கொடுக்காது. துணிப்பையின் மேற்பகுதி இரண்டு மூன்று செ.மீ. அமுங்கி இருக்கைக்கு அடியில் போய்விடும். அடிப்பலகை மட்டும் கெட்டியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தோளில் மாட்டும்போது நடுவில் தொய்ந்து, நாய் பள்ளத்தில் சரிந்து நிற்கத் தவிக்கும். காற்று வர வலை குறைந்தது மூன்று பக்கமாவது வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் உங்கள் கால் மறைக்கும், இன்னொரு பக்கம் இருக்கைக் கால் மறைக்கும். ஜிப்புக்குக் கொக்கிப் பூட்டு அவசியம். மூக்கால் முட்டி ஜிப்பைத் திறக்கும் வித்தை எல்லா நாய்க்கும் இரண்டே நாளில் வந்துவிடும். பக்கவாட்டுத் திறப்போடு மேல் திறப்பும் உள்ள பையாக வாங்குங்கள். சோதனை மேடையில் பயந்து பின்னால் ஒடுங்கும் நாயைப் பக்கவாட்டில் இழுத்து எடுப்பது கொடுமை, மேலிருந்து இரண்டு கையால் தூக்குவது சுலபம். பக்கம் விரியும் பைகளை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். விமானத்தில் விரிக்க இடமே கிடையாது.

இனி பழக்கம். நான்கு வாரமாவது வேண்டும். முதல் வாரம் பையைக் கூடத்தில் நாய் வழக்கமாகப் படுக்கும் மூலையில் திறந்தே வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத பனியன் ஒன்று. சாப்பாட்டுக் கிண்ணம் முதலில் பையின் வாசலில், பிறகு உள்ளே. கையால் தள்ளவே கூடாது. இரண்டாம் வாரம் சாப்பிடும்போது ஜிப்பை ஒரு நிமிடம் மூடித் திறங்கள், பிறகு ஐந்து, பத்து, அரை மணி. குரைக்கும்போது திறந்தால் குரைத்தால் கதவு திறக்கும் என்று படித்துக்கொள்ளும். ஒரு நொடியாவது அமைதியான பிறகே திறக்க வேண்டும். மூன்றாம் வாரம் தூக்கி நடங்கள், ஆட்டோவில் போங்கள், சாப்பாட்டு நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்து மேலே உட்கார்ந்து ஒரு படம் முழுக்கப் பாருங்கள். நான்காம் வாரம் முழு ஒத்திகை: பயண நாளில் இருக்கப்போகும் அதே பட்டினி இடைவெளி, அதே பை, மூன்று மணி நேரக் கார்ப் பயணம், நடுவில் ரயில் நிலையம் மாதிரி இரைச்சலான இடத்தில் ஒரு மணி நேரம். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறதா, நகத்தால் வலையைப் பிறாண்டுகிறதா, இருபது நிமிடம் தாண்டியும் ஊளை நிற்கவில்லையா? பயணம் வேண்டாம். இந்த ஒரு முடிவை எடுக்க மனம் வராமல்தான் பலரும் மருந்துக் கடையைத் தேடுகிறார்கள்.

மயக்க மருந்து பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது, அரை மணி நேரத்தில் நாயை ஊட்டிக்குத் தூக்கிச் சென்றது போல. அந்த நிலையில் அசிப்ரோமசின் மாதிரி மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். வெளியே சாதுவாகத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், அசையத்தான் முடியாது. பயணத்துக்கு மயக்க மருந்து தருவதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் பரிந்துரைப்பதில்லை. சில நாய்களுக்குப் பதற்றத்தைத் தணிக்க மருத்துவர் காபாபென்டின் போன்ற மாத்திரை எழுதித் தருவதுண்டு. அது உங்கள் நாயைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டிய விஷயம், முதல் வேளையை வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டை வைத்து நீங்கள் வாங்காதீர்கள்.

பக், ஷிட்சூ, பிரெஞ்ச் புல்டாக் போன்ற மூக்குச் சப்பை இனங்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகல். அமெரிக்காவில் 2005 மே முதல் ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறக்குறைய பாதி இந்த வகை. சரக்கு அறையைவிடக் கேபின் இவற்றுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கேபினிலும் ஆபத்து இருக்கிறது. 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன விமானத்தில், பத்து மாத பிரெஞ்ச் புல்டாக் ஒன்றைப் பையோடு தலைக்கு மேலிருக்கும் பெட்டி அறையில் வைக்கச் சொன்னதில் அது மூச்சுமுட்டி இறந்தது. யார் சொன்னாலும், எவ்வளவு நெருக்கினாலும், நாய் இருக்கும் பை மேலே போகக் கூடாது. அந்த விமானமே வேண்டாம் என்று இறங்கிவிடுங்கள்.

காகிதங்களில் சறுக்குவது எப்போதும் சின்ன விஷயத்தில்தான். தடுப்பூசிப் புத்தகம் அசல் வேண்டும். ரேபிஸ் ஊசி போட்டு 30 நாள் கடந்திருக்க வேண்டும், ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது. இந்த இடைவெளிக்குள் இருந்தால் எங்கும் கேள்வி வராது. மருந்துப் புட்டியின் லேபிள் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். பறக்கத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் 'ஃபிட் டு ஃப்ளை' சான்றிதழை மிக முன்னதாக வாங்கினால் காலாவதியாகிவிடும். எத்தனை நாளுக்குள் இருக்க வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் கேட்டு, அதற்குள் வாங்குங்கள். அதில் இனம், பாலினம், வயது, நிறம், எடை, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கட்டும். மூன்று நகல். விமான நிறுவனத்தின் பொறுப்பேற்புப் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள்.

பயண நாள். முழுச் சாப்பாடு கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்பே முடியட்டும். தண்ணீரை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குட்டிகளுக்கும் சிவாவா மாதிரிப் பொடி இனங்களுக்கும் நெடுநேரப் பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும், அவற்றுக்கு இடையில் ஒரு வாய் வேண்டும். முந்தின நாளே குளிப்பாட்டி நன்றாகச் சீவிவிடுங்கள். பக்கத்து இருக்கையில் ஆஸ்துமாக்காரர் இருக்கலாம். கிளம்பும் முன் முக்கால் மணி நேரம் நடை, முனையத்துக்கு வெளியே கடைசியாக ஒருமுறை சிறுநீர். உள்ளே போய்விட்டால் நாய் ஒதுங்க இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பையில் யூரின் பேட் (சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு) இரண்டு அடுக்கு, மாற்றுக்கு மூன்று, ஈரத் துடைப்பான், இறுக மூடும் பிளாஸ்டிக் பைகள். சென்னையில் சித்திரை, வைகாசி வெயிலில் பகல் விமானம் வேண்டாம். தரையில் நிற்கும்போது கேபின் குளிர்வதற்கு நேரமாகும், இருக்கைக்கு அடியில் காற்று இன்னும் மெதுவாகத்தான் வரும். விடியற்காலை அல்லது இரவு நல்லது.

சோதனையில் நாயை வெளியே எடுக்கச் சொல்வார்கள். காலிப் பை எக்ஸ்ரேக்குப் போகும், நாயை நீங்கள் தூக்கிக்கொண்டு உலோகம் கண்டறியும் வாசல் வழியாக நடக்க வேண்டும். எக்ஸ்ரே பெல்ட்டில் நாயோடு பையை வைக்கவே கூடாது. ஹார்னஸில் பிளாஸ்டிக் கொக்கி இருந்தால் மணி அடிக்காது. வெறும் காலரில் பிடிக்காதீர்கள். பயந்த நாய் பின்வாங்கினால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும், அந்தக் கூட்டத்தில் பிடிக்க முடியாது. ரொம்பக் கூச்ச சுபாவம் என்றால் தனி மறைப்பில் சோதிக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

நாயோடு வருபவருக்கு அவசர வழி வரிசையிலும் முதல் வரிசையிலும் இருக்கை கிடைக்காது. ஜன்னலோரத்தில் விமானத்தின் வளைவு கால் இடத்தைத் தின்றுவிடும். ஏறும்போது பையை வலைப் பக்கம் உங்களைப் பார்த்தபடி தள்ளி வையுங்கள். முழுதாகப் போர்த்தாதீர்கள். காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம், ஏனென்றால் இறக்கத்தில் காதுக்குள் காற்று தானாகத் திரும்பிப் போகாது, விழுங்கினால்தான் திறக்கும். தரையிறங்க அரை மணி இருக்கும்போது வலை இடுக்கு வழியாக விரல் நுனியளவு தின்பண்டம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். காதில் சீழ், புண் இருக்கும் நாய் குணமாகும் வரை பறக்கக் கூடாது. மூச்சிரைப்பு நிற்காமல் போனால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் பயமில்லை. நீலம் பாய்ந்தாலோ செங்கல் நிறத்தில் சிவந்தாலோ உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். நனைத்த துணியால் பாதத்தையும் அடிவயிற்றையும் துடைத்து, மேலே காற்று படும்படி செய்ய வேண்டும்.

சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் நாயை மடியில் எடுத்துப் படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஒரே ஒரு புகார் போதும், அடுத்த வருஷம் எல்லோருக்கும் கதவை மூட. அலர்ஜி உள்ளவர் எழுந்து சொன்னால் இடம் மாற வேண்டியவர் நாய் வைத்திருப்பவர்தான்.

வெளிநாடு என்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) முதலில், ரேபிஸ் ஊசி பிறகு. வரிசை மாறினால் ஐரோப்பாவில் அந்த ஊசி கணக்கிலேயே சேராது. இந்தியாவிலிருந்து அங்கே போகும் நாய்க்கு ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது நான்கு மாதத் திட்டம். பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் வர முடியும், உதவி நாய்க்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அனுமதியே இல்லை.

ஒத்திகையில் தோற்ற நாய்க்கு ரயில் இருக்கிறது. ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூப்பே முழுவதையும் உங்கள் பேரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். கூப்பே ஒதுக்கீடு உறுதியானதும் பார்சல் அலுவலகத்தில் தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டி நாய்க்குச் சீட்டுப் போட வேண்டும். வண்டி எந்த நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கிறது என்று கால அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாயை இறக்கி ஒதுங்க விட அந்த நிறுத்தங்கள்தான் கிடைக்கும்.