12 வாரம் கழித்து எடுத்த ஸ்கேன்

அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுநோய். கழுத்திலும் நெறி கட்டியிருந்தது. கீமோவும் ரேடியேஷனும் முடிந்ததுமே பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் அவசரப்பட்டேன். "12 வாரம் போகட்டும்மா" என்று டாக்டர் மறுத்துவிட்டார். அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்ச் செல்கள் அதை அள்ளி விழுங்கும், படத்தில் அந்த இடம் ஒளிரும். ஆனால் ரேடியேஷனில் வெந்து புண்ணாகிக் கிடக்கும் சதையும் அதே சர்க்கரையை இழுக்கும். சீக்கிரம் எடுத்தால் ஆறாத புண்ணை நோய் என்று நினைத்துக் கத்தி வைக்க நேரலாம்.

முன்பு, கழுத்தில் அதிகம் பரவியவர்களுக்கு ரேடியேஷனுக்குப் பிறகும் நிணநீர் முடிச்சுகளை அறுத்தெடுப்பது பல இடங்களில் வழக்கம். தோளைத் தூக்க முடியாமல் போனவர்கள் உண்டு. பிரிட்டனில் 564 நோயாளிகளிடம் நடந்த பெட்-நெக் ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு எப்படியும் அறுவை. இன்னொரு பிரிவுக்கு 12 வாரத்தில் ஸ்கேன், சந்தேகம் இருந்தால் மட்டும் அறுவை. இரண்டு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஸ்கேன் பிரிவில் 84.9 சதவீதம், மற்றதில் 81.5. கழுத்து அறுவைகளோ 221க்கு பதிலாக வெறும் 54. இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கணினியே ஸ்கேன் படத்தைப் படித்து, யார் பிழைப்பார், யாருக்குத் திரும்ப வரும் என்று சொல்லிவிடும் என்கிறார்கள். 2014இல் நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,019 பேரின் சிடி படங்களை வைத்து அப்படியொரு ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. 2019இல் வேறு சிலர் அந்தக் கணிப்பைச் சோதித்தார்கள். படத்துக்குள் இருந்த வெளிச்ச அளவுகளைக் கலைத்துப் போட்ட பிறகும் கணிப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அது அளந்தது பெரும்பாலும் கட்டியின் பருமனைத்தான். கட்டி பெரிதா சிறிதா என்பது டாக்டருக்கு முன்பே தெரியுமே!

வாய்த்தொண்டைப் புற்றுநோயில் எச்பிவி வைரஸ் பரிசோதனை ஒன்றே எவ்வளவோ சொல்லிவிடுகிறது. 2010இல் வந்த ஆய்வில், மூன்று ஆண்டு உயிர்வாழ்ந்தவர்கள் வைரஸ் உள்ள பிரிவில் 82.4 சதவீதம், இல்லாத பிரிவில் 57.1. புதிய கருவி இதற்கு மேல் எதையாவது சொல்லியாக வேண்டும். அந்த ஆராய்ச்சி நடக்கட்டும், மனதார விரும்புகிறேன். ஆனால் ஒரு நோயாளியிடம் "உங்களுக்கு இத்தனை சதவீதம்" என்று சொல்வதற்கு முன், அந்த எண்ணால் அவர் சிகிச்சையில் எது மாறும் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றும் மாறாது என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கப் போவது அவரும் அவர் வீட்டாரும்தான்.

12 வாரம் முடிந்து ஸ்கேன் வந்த அன்று டாக்டர் ஆயுள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. திரையில் அண்ணனின் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இங்கே எதுவும் ஒளிரவில்லை. ஆபரேஷன் வேண்டாம்" என்றார்.