காசு மிச்சம் என்பதற்காக மட்டும் ஆரக்கிளை விட்டு வராதீர்கள்

கம்பெனிக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்களில் ஆரக்கிள் காசு கொடுத்து வாங்குவது, போஸ்ட்கிரெஸ் இலவசம். புதுச்சேரி, கடலூர் பக்கம் நடுத்தரக் கம்பெனி முதலாளிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "ஆரக்கிளை எடுத்துட்டு போஸ்ட்கிரெஸ் போட்டா எவ்வளவு மிச்சம் ஆகும்?" கேட்பதில் தப்பில்லை. லைசென்ஸ் வாங்கியதோடு செலவு முடிவதில்லை, அதன் விலையில் 22 சதவீதம் வருஷா வருஷம் சப்போர்ட்டுக்குப் போகிறது. ஆனால் மிச்சமாகும் பணத்தை அப்படியே லாபக் கணக்கில் எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நமக்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நாம் கடலோரம் குடியிருப்பவர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். கரண்ட் போய், தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் சர்வர் என்ன ஆகும்? அதே டேட்டா வேறு ஊரில், ஓடும் நிலையில் இன்னொரு சர்வரில் இருந்தாக வேண்டும். ஆரக்கிளில் அதற்கான 'டேட்டா கார்டு' (Data Guard) வசதி ஸ்டாண்டர்டு எடிஷனில் வராது, எண்டர்பிரைஸ் வாங்க வேண்டும். அந்த இன்னொரு சர்வருக்கும் லைசென்ஸ் வேண்டும். இந்த விலையைக் கேட்டுவிட்டு, ராத்திரி பேக்கப்பை பென்டிரைவில் எடுத்து மேஜை டிராயரில் பூட்டி வைக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸில் 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி கூடவே வருகிறது. கோயம்புத்தூரில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று எத்தனை நகல் வேண்டுமானாலும் வைக்கலாம்.

"ஓசியில கிடைக்கிறத நம்பலாமா சார்?" என்பார்கள். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கி வைத்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது இது. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு இலவச டேட்டாபேஸை 2008-ல் சன் என்ற கம்பெனி வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. போஸ்ட்கிரெஸை அப்படி மொத்தமாக விலை பேச ஆளே கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். டேபிள்களை ஓரா2பிஜி என்ற கருவி மாற்றித் தந்துவிடும். பிஎல்-எஸ்க்யூஎல் என்ற ஆரக்கிள் மொழியில் எழுதிய பேக்கேஜ்களை, அதாவது புரோகிராம் தொகுப்புகளை, பெரும்பாலும் கையால்தான் பிரித்துச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் போஸ்ட்கிரெஸில் பேக்கேஜ் என்பதே இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த சிரமம். தெரியாமல் வந்து நிற்பது வேறு. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் சோதனை ஓட்டம் நடக்கும்போது அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார்: "தம்பி, பில்லுல நிறைய பேருக்குப் பேரையே காணோமே?" பார்த்தால், இனிஷியல் இல்லாதவர்களின் பெயர் மட்டும்தான் காணோம். ஆரக்கிளில் இனிஷியல் காலியாக இருந்தால் அது நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாதது. அதைப் பெயரோடு ஒட்டினால் ஆரக்கிள் கண்டுகொள்ளாது, பெயர் வந்துவிடும். போஸ்ட்கிரெஸில் நல்லோடு எதை ஒட்டினாலும் மொத்தமும் நல் ஆகிவிடும். எர்ரர் எதுவும் வராது, பெயர் போய்விடும். ஒட்டுவதற்கு எழுதும் இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு (||) பதில் கான்கேட் (concat) என்ற கட்டளை போட்டால் சரியாகிவிடும். ஆனால் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, வாடிக்கையாளர்களைப் பெயரோடு தெரிந்த அந்த அக்கா.

தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு நல்ல சேதி ஒன்று. 'திருப்பாதிரிப்புலியூர்' யூனிகோடில் 22 குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 66 பைட். ஆரக்கிளில் தனியாகச் சொல்லாவிட்டால் எழுத்துகளை வைக்கும் வார்ச்சார்2 என்ற வகையில் 50 என்பது 50 பைட்தான். ஊர்ப் பெயர் உள்ளே போகாது. அதனால் இங்கிலீஷில் குறுக்கி அடித்து வைத்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸ் எழுத்துக் குறியீட்டை எண்ணுகிறது, 50-க்குள் தாராளமாக அடங்கும். நம் ஊரை நம் எழுத்தில் முழுசாக எழுத முடிவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மிச்சமாகும் பணத்துக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸ் தானாகப் பார்த்துக்கொள்ளாது. பழைய குப்பை வரிசைகளைக் கூட்டித் தள்ளும் வேக்கூம் சரியாக ஓடுகிறதா, வேறு ஊரில் இருக்கும் நகலான ரெப்ளிகா பின்தங்கியிருக்கிறதா, எடுத்த பேக்கப் உண்மையிலேயே ரீஸ்டோர் ஆகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. வில்லியனூரிலும் நெல்லிக்குப்பத்திலும் படித்துவிட்டு டேட்டா என்ட்ரியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் இரண்டு வருஷ சப்போர்ட் தொகையை அவர்கள் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும், வேறு ஊரில் வைக்கும் ரெப்ளிகாவுக்கும் ஒதுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன் வருஷம் ஒருமுறை மெயின் சர்வரை நிறுத்திவிட்டு ரெப்ளிகாவில் பில் போட்டுப் பாருங்கள்.

இதற்குச் சம்மதிக்காத இடத்தில் நான் மைக்ரேஷன் வேலை எடுப்பதில்லை. எழுதிக் கொடுத்தால்தான் தொடங்குகிறேன்.