ஓய்வுநாள் பள்ளி மட்டும் போதாது
ஆலயத்தில் வாரந்தோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தாலே பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைத்துவிடுவார்கள் என்ற கட்டுரையின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 10 வருஷமாக நானும் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதிலும் பாதி பாட்டுக்கும் வருகைப் பதிவுக்கும் போய்விடும். வேதத்தின் 23-ஆம் சங்கீதத்தைத் தடுமாறாமல் ஒப்புவிக்கிற பிள்ளையிடம் "வீட்டில் ஜெபம் பண்ணுவீங்களா?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்கிறது. எனக்கு விசுவாசம் வந்தது எங்கள் வீட்டுப் பாயில்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்போம். நான் எழுத்துக்கூட்டித் திணறினாலும் அப்பா அவசரப்படுத்த மாட்டார். ஒருநாள் அம்மாவிடம் கோபமாகப் பேசிவிட்டவர், வேதத்தைத் திறக்குமுன் எங்கள் எல்லார் முன்னாலும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைப் பற்றி அப்புறம் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், மனதில் நிற்பது அந்த ராத்திரிதான். தகப்பன் ஆலயத்துக்கு வராத வீட்டில் பிள்ளைகள் நிலைக்க மாட்டார்கள் என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். பவுல் அப்போஸ்தலனின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், அவர் விசுவாசி என்று வேதம் சொல்லவில்லை, சகோதரரே. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைத்தான் பவுல் 2 தீமோத்தேயு 1:5-ல் நினைவுகூருகிறார். தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிற தாய்மார்களை அப்படிச் சொல்லிச் சோர்வடையச் செய்யாதீர்கள்.