மேலாளரை ஏசும் வாய்கள்

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களின் ஒரு வழக்கம் எனக்குத் தீராத எரிச்சலைத் தருகிறது. நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பந்துவீச்சாளரைத் தொண்ணூறு பந்துகளோடு மேலாளர் வெளியே அழைத்தால், அவரைக் கோழை என்று ஏசுகிறார்கள்; முழங்கை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டிருந்த பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை, 2012 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி நிர்வாகம் அவர் கையைக் காக்க மேற்கொண்டு வீசவிடாமல் நிறுத்திவைத்த முடிவை இன்றுவரை விடாமல் அலசுகிறார்கள். ஆனால் தங்கள் ஊர்த் திடலில் சிறுவர்களுக்கு நடப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கம்பிவலைக்குப் பின்னால் வேகமானியை நீட்டியபடி நிற்கும் தந்தை, ஒவ்வொரு பந்துக்கும் அதில் தெரியும் எண்ணை உரக்கச் சொல்கிறார். பையனோ முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, அடுத்த பந்தை வீசுமுன் அவர் முகத்தைப் பார்க்கிறான். சிறுவர் பேஸ்பால் போட்டிகளை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007-லேயே பந்து எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. பதினொன்று, பன்னிரண்டு வயதினர் ஒரு நாளைக்கு 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்று இளம் பந்துவீச்சாளர்களுக்கான 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் சனிக்கிழமை ஓர் அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறோர் அணிக்கும் வீசும் பிள்ளையின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? பெற்றோரைத் தவிர வேறு யாரும் வைக்க முடியாத கணக்கு அது.

1974-இல் டாமி ஜான் என்னும் தொழில்முறை வீரருக்கு முதன்முதலாகச் செய்யப்பட்ட முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சை, இன்று பள்ளி மாணவர்களுக்கும் செய்யப்படுகிறது. அதைச் செய்துகொண்டால் பந்தின் வேகம் கூடும் என்று நம்புகிற பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதுதான் என் நெஞ்சைப் பதறவைக்கிறது.