பேசவிட்டுக் கேட்ட புத்தகங்கள்

கடந்த ஓராண்டில் நாவல்களைவிட அபுனைவு நூல்களைத்தான் அதிகம் வாசித்தேன். மனித குலத்தின் மொத்த வரலாற்றையும் ஒரே விதிக்குள் அடக்கிவிடும் தடித்த புத்தகங்களும் அவற்றில் இருந்தன. வாசிக்கும்போது விறுவிறுப்புதான். மூடி வைத்த பிறகு ஒரு முகம்கூட நினைவில் நிற்கவில்லை. மனதில் தங்கியவை வேறு வகை. எழுதுபவர் தன் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொருவரைப் பேசவிட்டுக் கேட்ட புத்தகங்கள்.

முதலில் சொல்ல வேண்டியது பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் செர்னோபில் நூல். அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. புத்தகம் வந்தது 1997-இல். இடையில் அவர் போய்ப் பார்த்தவர்கள் தீயணைப்பு வீரர்களின் மனைவிகள், கதிர்வீச்சு ஏறிய மண்ணை அள்ளப் போன படைவீரர்கள், தடையை மீறி ஊர் திரும்பிய முதியவர்கள். அவர்கள் தங்கள் குரலில் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ல்யுத்மிலா இக்னாத்தென்கோ என்ற இளம்பெண் தொடக்கத்திலேயே வருகிறார். வெடித்த இரவில் தீயணைக்கப் போன கணவர் மாஸ்கோ மருத்துவமனையில் கிடக்கிறார். கர்ப்பிணி என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அதை மறைத்துவிட்டுக் கூடவே இருக்கிறார். தொடாதே, கட்டிப்பிடிக்காதே என்கிறார்கள். அவர் கேட்பதாக இல்லை. பதினான்காம் நாள் கணவர் இறக்கிறார். பிறகு பிறந்த குழந்தையும் சில மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. கதிர்வீச்சு அளவுகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அது என்ன செய்யும் என்பது இந்தப் பெண் பேசியபோதுதான் உறைத்தது.

அலெக்ஸியேவிச் மீது ஒரு விமர்சனம் உண்டு. வாக்குமூலங்களைப் பதிப்புக்குப் பதிப்பு வெட்டி, ஒட்டி, மாற்றியிருக்கிறார் என்பார்கள். நியாயமான கேள்விதான். அவர் நூலைப் புள்ளிவிவர ஆவணமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 2015-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு முழுக்கத் தகுதியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரெபெக்கா ஸ்க்ளூட் ஹென்ரியெட்டா லாக்ஸ் பற்றி எழுதிய நூல் எனக்குக் கோபம் வரவழைத்தது. 1951-இல் 31 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா. அவரிடம் கேட்காமலேயே எடுத்த செல்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகின. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி உட்பட எத்தனையோ ஆய்வுகள் அவற்றை வைத்து நடந்தன. குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எதுவும் தெரியாது. அறிவியலை ஸ்க்ளூட் தெளிவாகவே சொல்கிறார். ஆனால் புத்தகத்தின் உயிர் மகள் டெபோரா. தாய் இறந்தபோது அவர் கைக்குழந்தை, தாயைப் பற்றிய நினைவே கிடையாது. என் அம்மா எப்படிப்பட்டவள் என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி. அவருடைய நம்பிக்கையைப் பெறவே ஸ்க்ளூட் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010-இல் புத்தகம் வெளிவந்தபோது டெபோரா உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே போய்விட்டார்.

மருத்துவர் அதுல் கவாண்டே முதுமையையும் மரணத்தையும் பற்றி எழுதிய ‘பீயிங் மார்ட்டல்’ நூலில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். கழுத்தில் அறுவை சிகிச்சைக்குப் போகும் முதியவர் ஒருவரிடம் அவர் மகள் கேட்கிறார்: உயிரோடு இருப்பதற்காக எதுவரை பொறுத்துக்கொள்வீர்கள்? சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும் டிவியில் கால்பந்து பார்க்கவும் முடிந்தால் போதும் என்கிறார். மகளே மருத்துவர், அதுவும் நோயாளிகளிடம் இப்படிப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர். அவரே இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சிக்கல் வந்தபோது மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க இந்தப் பதில்தான் உதவியது.

அப்புறம், உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தன்வரலாறு எழுதுபவர் எப்படி இன்னொருவரைப் பேசவிட முடியும்? முடிகிறது. பெயர்தான் ‘என்’ சரித்திரம். பக்கம் பக்கமாக நிறைந்திருப்பவர் அவருடைய குரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் வாயால் செய்யுள் சொல்லிக்கொண்டே போக மாணவர்கள் ஏட்டில் எழுதுவது, கையில் பணமில்லாத நாட்களிலும் மாணவர்களுக்குச் சோறு போட அவர் படும் பாடு, 1876-இல் அவர் உயிர் பிரியும் நேரத்தில் மாணவர் சாமிநாதையர் அருகில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிப்பது எல்லாம் நம் கண்ணெதிரே நடக்கின்றன. ஏடு தேடிய கதைக்காகத்தான் பலரும் இந்த நூலைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு அந்தக் கதையைவிடக் குருகுல நாட்கள்தான் பெரிது. ஆனந்த விகடனில் தொடராக வந்த இது, 1942-இல் சாமிநாதையர் மறைந்ததால் பாதியில் நின்றுவிட்டது.

ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’வை எடுங்கள். சிறிய நூல். 1946 ஆகஸ்டில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகை ஓர் இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. அணுகுண்டு விழுந்த நேரத்தில் ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்கி, அவர்களோடு கூடவே போகிறது. எங்கும் குரல் உயராது, யாரையும் திட்டாது. தொஷிகோ சசாகி என்ற அலுவலகப் பெண்ணின் மேல் புத்தக அலமாரி சரிந்து கால் நசுங்குகிறது. பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே இழுக்கிறார்கள். ஹெர்சி 1985-இல் அந்த ஆறு பேரின் பிற்கால வாழ்க்கையையும் தேடிப்போய் எழுதினார். அந்தக் கடைசி அத்தியாயம் சேர்ந்த பதிப்பையே வாங்குங்கள். சசாகி கன்னியாஸ்திரியாகி, முதியோர் இல்லத்தில் சாகக் கிடந்தவர்களுக்குத் துணையாக இருந்தது அதில்தான் வருகிறது.