993-ஐப் பிடித்துவைத்திருந்தது யார்?

நான் பராமரிக்கும் மின்னஞ்சல் சர்வர் ஒன்று, மறுதொடக்கத்துக்குப் பிறகு, அஞ்சலைப் படிக்க உதவும் ஐமேப் சேவையைத் தொடங்க மறுத்தது. அதற்குரிய 993-ஆம் போர்ட் (பிணைய இணைப்புக்கான வாசல் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்பது பிழைச்செய்தி. இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, 993-இலிருந்து எங்கள் கோப்புச் சர்வரின் 2049-க்கு ஓர் இணைப்பு தெரிந்தது. ஆனால் புராசஸின் (இயங்கும் நிரலின்) பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே இருந்தது. நிறுத்துவதற்கு ஒரு புராசஸ் எண்கூட இல்லை, ஏனெனில் அந்த இணைப்பு இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கெர்னலுடையது. கோப்புச் சர்வரின் கோப்புகளைப் பிணையம் வழியாகத் தரும் என்எஃப்எஸ் (அதன் போர்ட்தான் 2049) மவுண்ட் ஆனபோது, அதாவது இந்தக் கணினியில் இணைக்கப்பட்டபோது, தொலைக் கோரிக்கைகளை அனுப்பும் கெர்னலின் ஆர்பிசி பகுதி 665 முதல் 1023 வரையிலான தன் வழக்கமான எல்லைக்குள் காலியாக இருந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டது. அன்று அது 993 ஆக அமைந்துவிட்டது.

1024-க்குக் கீழான எண்ணிலிருந்தே பேசும் இந்த வழக்கத்தின் வேர் பழைய பிஎஸ்டி யூனிக்ஸில் இருக்கிறது. 1024-க்குக் கீழான போர்ட்டை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் மட்டுமே திறக்க முடியும், ஆகவே அங்கிருந்து வரும் கோரிக்கையை நம்பலாம் என்பது கணினிகள் சிலவாகவும், ரூட் கடவுச்சொல் ஓரிருவரிடம் மட்டுமாகவும் இருந்த காலத்தின் கணக்கு. இன்று மடிக்கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதில் ரூட்தான். போதாததற்கு, 4.11 கெர்னலிலிருந்து அந்த 1024 என்ற வரம்பையே ஒரு சிஸ்கன்ட்ரோல் அமைப்பால் (கெர்னலை இயங்கும்போதே மாற்றும் அமைப்பால்) மாற்றிவிடலாம். இருந்தும், எதை யாருடன் பகிர்வது என்று சர்வரில் எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இந்தச் சோதனையின் பெயர் இன்னும் ‘செக்யூர்’ என்றே இருக்கிறது. எனக்கு எரிச்சலூட்டுவது அந்தப் பெயர்தான்.

போர்ட் மோதலுக்கு முதலில் எல்லோரும் கைவைப்பது சில எண்களை ஒதுக்கிவைக்கச் சொல்லும் ‘ஐபி லோக்கல் ரிசர்வ்ட் போர்ட்ஸ்’ என்ற அமைப்பில். நானும் வைத்தேன், பயனில்லை. கெர்னல் தானாக எண் ஒதுக்கும் இடங்களில்தான் அது செல்லுபடியாகும். ஆர்பிசியோ குறிப்பிட்ட எண்ணைக் கேட்டு பைண்ட் செய்கிறது, அதாவது அந்த எண்ணைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. தவிர்க்க வேண்டிய எண்களைப் பட்டியலிடும் ‘பைண்ட்ரெஸ்வ்போர்ட் பிளாக்லிஸ்ட்’ கோப்பு பயனர் தளத்து நிரல்களுக்கானது, கெர்னல் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. 665 என்ற கீழ் வரம்பை உயர்த்தலாம்தான், ஆனால் நடுவில் இருக்கும் ஓர் எண்ணை மட்டும் விலக்கிவைக்க அதில் வழியில்லை.

ஆகவே கோப்புகளைப் பெறும் கிளையண்ட்டில் ‘நோரெஸ்வ்போர்ட்’ (1024-க்குக் கீழான எண் வேண்டாம்) என்றும், சர்வரில் ‘இன்செக்யூர்’ (அந்தச் சோதனை வேண்டாம்) என்றும் எழுதிவிடுவதே சரி என்பது என் கருத்து. ஒரே சர்வரின் மவுண்ட்கள் பெரும்பாலும் ஒரே இணைப்பைப் பகிர்வதால், ரீமவுண்ட் செய்தால் போதாது. எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும். பயனரின் அடையாள எண்ணான யூஐடியைக் கிளையண்ட் சொல்ல, சர்வர் அப்படியே நம்பும் ‘ஆத் சிஸ்’ முறையே உண்மையான ஓட்டை, அதைப் போர்ட் எண் அடைக்காது. அதை அடைக்க, பயனரைச் சரிபார்க்கும் கெர்பரோஸை அமைப்பது அலுப்பான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். அது வேண்டாம் என்பவர்களுக்கு 6.5 கெர்னலிலிருந்து இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் வழி இருக்கிறது, கிளையண்ட் சான்றிதழையும் சேர்த்துக் கேட்டால் எந்தக் கணினி பேசுகிறது என்பதாவது உறுதியாகும். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு மட்டும் போதுமென்றால் ஃபயர்வாலில் 2049 ஒன்றைத் திறந்தால் ஆயிற்று. மூன்றாம் பதிப்பும் வேண்டுமென்றால் எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் 111-ஐயும் திறந்து, மவுண்ட்டி, ஸ்டாட்டி, லாக்டி என்ற துணைச் சேவைகள் மூன்றுக்கும் நிலையான எண்களைக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் தணிக்கையாளர் ‘இன்செக்யூர்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டு முறை விளக்கம் கேட்டார். அதற்குப் பக்கத்திலேயே இருந்த கெர்பரோஸ் வரியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.